பெட்டியில் இல்லாத சங்கீதம்

தபால்காரர் தந்த உறைக்குள் கடிதம் எதுவும் இல்லை. கவிழ்த்து உதறினேன். என்னுடைய வசன அட்டை ஒன்று மடியில் விழுந்தது. நெருப்புப்பெட்டி அகலத்துக்கு ஒரு மஞ்சள் அட்டை. நான் சாகமாட்டேன், பிழைத்திருப்பேன் என்று வேதத்தில் சங்கீதக்காரன் துணிந்து சொல்லும் வசனம் ஒரு பக்கத்தில் அச்சாகியிருந்தது. மறுபக்கத்தில் பேனாவை அழுத்திப் பிடித்து ஒருவர் எழுதியிருந்தார்: ‘இது உங்களுடையது. அருளப்பன்.’ வைவதாக இருந்தால் இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம். அவர் எழுதவில்லை. நான் அட்டையை அரிசி டின்னுக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு, அன்றைக்கு உலை வைக்காமலே படுத்துவிட்டேன்.

நான் பைபிள் உமன். திண்டுக்கல்லில் எங்கள் சபையில் அப்போதே இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை. வீடு வீடாகவும் ஆஸ்பத்திரி வார்டுகளிலும் போய் வேதம் வாசித்து ஜெபம் செய்ய வேண்டும். லிடியா என்று பெயர் இருந்தாலும் ஊருக்கெல்லாம் நான் பைபிளம்மாதான். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு சபையில் பார்த்துக் கொடுத்தது. வேதத்தைக் கரைத்துக் குடித்தவள் என்று கொடுக்கவில்லை. ஃபேன் சத்தத்தையும் மீறி வாசிக்கிற தொண்டை எனக்கு இருந்தது, அதற்காகக் கொடுத்தார்கள்.

தொண்டைக்கு அடுத்தபடி என்னிடம் இருந்த சொத்து ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள், ஆளுக்கொரு வேத வசனமாக அச்சடித்த இருநூறு வாக்குத்தத்த அட்டைகள் நெட்டுக்குத்தாக அடுக்கியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவ வேண்டும். எது வருகிறதோ அது அன்றைக்கு ஆண்டவர் உங்களுக்குத் தனியாகச் சொன்னது. வார்டில் எல்லாச் சாதியும் எல்லா மதமும் உருவும். காலையில் இட்லிக்கு அடுத்து என் டப்பாவைத்தான் எதிர்பார்ப்பார்கள். அந்த இருநூறில் ஒன்றில்கூடக் கெட்ட சேதி கிடையாது. வேதத்தில் சாபமும் உண்டு, புலம்பலும் உண்டு, கேட்டும் கிடைக்காமல் போன ஜெபங்களும் உண்டு. அட்டை அச்சடித்தவர்கள் அவற்றை விட்டுவிட்டார்கள். நானும் பாயசத்தில் முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்னும் பிள்ளை மாதிரி அத்தனை வருஷமும் அந்த அட்டைகளைக் கொண்டே காலத்தை ஓட்டிவிட்டேன்.

அது எண்பத்தாறாம் வருஷம், மே மாதம். குழந்தைகள் வார்டில் லூர்தம்மாள் என்று ஒரு நாலு வயதுப் பிள்ளை, மூளைக்காய்ச்சலோடு வந்திருந்தாள். அப்பனைப் பெற்றவளின் பெயரை வைத்திருந்தார்கள். அம்மாக்காரி ஆனந்தமேரிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சாணார்பட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமம், கத்தோலிக்கக் குடும்பம். புருஷன் அருளப்பன் பட்டாளத்தில், சிலிகுரியில் இருந்தார். எங்கள் சபைக்காரியாக இல்லாவிட்டாலும் மேரி என்னை முதல் நாளே பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டாள். கையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே நான் வாசிப்பதைக் கேட்பாள்.

நாலாம் நாள் நர்ஸ் உம்மு சல்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

“லிடியாம்மா, டாக்டர் கையை விரிச்சிட்டாரு. மதுரைக்குக் கொண்டு போனாலும் பிரயோசனம் இல்லங்கிறாரு. அவ வீட்டுக்காரருக்குத் தந்தி அடிக்கச் சொல்லுங்க. உசுரு இருக்கப்பவே வந்து பாத்துக்கிடட்டும். நான் சொன்னா பயந்துருவா. நீங்க சொன்னா கேப்பா.”

சொல்லத்தான் போனேன். மேரி ஈரத்துணியால் பிள்ளையின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தந்தி என்கிற ஒரு சொல்லை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். என் கை டப்பாவுக்குப் போனது. எந்த அட்டை எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும், இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அந்த மஞ்சள் அட்டையை மட்டும் ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கி வைத்து, “கண்ண மூடிக்கிட்டு ஒண்ணு எடு மேரி” என்றேன்.

அவள் எடுத்தாள். அஞ்சாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தாள். பிறகு அதைப் பிள்ளையின் தலையணைக்கடியில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அன்று மதியம் சாப்பாடு நன்றாக இறங்கியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இறங்கியது. மறுநாள் உம்மு சல்மா, “சொன்னீங்களாம்மா?” என்று கேட்டபோது, “ஜெபம் பண்ணியிருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துகொண்டேன்.

அட்டை எடுத்த எட்டாம் நாள் விடியற்காலையில் லூர்தம்மாள் இறந்தாள். தந்தி அதற்குப் பிறகுதான் போனது. மே மாத வெயிலில் எத்தனை நாள் வைத்திருக்க முடியும். அருளப்பன் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. உம்மு சல்மா சொன்ன அன்றே நான் வாயைத் திறந்திருந்தால், அந்த மனிதர் மூன்று நாளாவது மகளின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அடக்கத்துக்கு நான் போகவில்லை. கத்தோலிக்கக் கல்லறையில் நமக்கென்ன வேலை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து உறை வந்தது.

அதன் பிறகு வார்டுக்குப் போவதை நிறுத்தினேன். எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் முழங்கால் வலி என்றேன். அவர் நல்ல மனுஷர், தைலம் கொடுத்தனுப்பினார். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. வேதம்தான் என்னைவிட்டு விலகிவிட்டிருந்தது. காலையில் கருப்பட்டிக் காப்பியோடு ஒரு அதிகாரம் வாசிப்பது என் வழக்கம். அது இல்லாமல் நான் பல் விளக்கியதாகக்கூட ஆகாது. இப்போது எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ஆறுதலாக இருந்தது, அந்த ஆறுதல் எனக்குக் குமட்டியது. நல்ல மேய்ப்பன், கண்ணீர் துடைக்கிற கை என்று நான் ஆயிரம் கட்டிலருகே வாசித்த வரிகள் எல்லாம் அந்த மஞ்சள் அட்டையாகவே தெரிந்தன. மூடி வைத்தாலும் இருக்க முடியவில்லை. பசியும் இருந்தது, சாப்பிடவும் முடியவில்லை. என்ன பாவம் செய்தால் இந்தத் தண்டனை என்று கேட்கவும் வழியில்லை, என்ன பாவம் என்று எனக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

வேறு வழி தெரியாமல் வேதத்தில் உள்ள நூற்றைம்பது சங்கீதப் பாட்டுகளையும் முதலிலிருந்து வரிசையாக வாசிக்க ஆரம்பித்தேன். ருசி பார்க்காமல், மருந்து விழுங்குகிற மாதிரி, நாளுக்கு இரண்டு. ஆடி பிறந்து ஒரு வாரத்தில் எண்பத்தெட்டாம் சங்கீதம் வந்தது. இதை நான் யாருக்கும் வாசித்ததில்லை. நோயாளிகளுக்கு வாசிக்கச் சொல்லி எங்களுக்குக் கொடுத்திருந்த பட்டியலில் இது இல்லை, டப்பாவிலும் இதிலிருந்து ஒரு வரி கிடையாது. ஒருவன் இரவும் பகலும் கூப்பிடுகிறான். குழியில் கிடக்கிறேன், இருட்டில் போட்டுவிட்டீர், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்கிறான். மற்ற புலம்பல்களில் கடைசியிலாவது ஒரு வெளிச்சம் வரும். ஆனாலும் உம்மைத் துதிப்பேன் என்று ஒரு வரி வந்துவிடும். நான் அந்த வரிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. சிநேகிதனை எனக்குத் தூரமாக்கினீர், தெரிந்தவர்கள் எல்லாரும் மறைந்துபோனார்கள் என்பதோடு நின்றுவிட்டது. அவ்வளவுதான், அடுத்த வரியில் அடுத்த சங்கீதம்.

பக்கம் ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தூக்கிப் பார்த்தேன். இல்லை. யாரோ ஒருவன் பதிலே கிடைக்காமல் இப்படிக் கத்தியிருக்கிறான். அதை யாரும் திருத்தவில்லை, தள்ளிவிடவும் இல்லை, அப்படியே வேதத்தில் வைத்திருக்கிறார்கள். காய்ச்சல் விட்டவனுக்கு முதல் வாய் கஞ்சி இறங்குவது போல இறங்கியது. அழுதேன். அழுது முடித்தபோது அந்தக் கடைசி வரி இன்னும் எதிரில் நின்றது. மறைந்துபோன தெரிந்தவர்கள் என்று அவன் யாரைச் சொல்கிறான் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அன்று மத்தியான பஸ்ஸில் சாணார்பட்டிக்கு ஏறினேன்.

மேரி வீட்டுத் தாழ்வாரத்தில் சாக்கு விரித்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் முதல் மழை பெய்திருந்தது, ஊரே விதைப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அவள் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா” என்றாள். சாக்கின் ஓரத்தைத் தட்டி உட்காரச் சொன்னாள்.

உட்கார்ந்தேன். பஸ்ஸில் வரும்போது கோத்து வைத்திருந்த பேச்செல்லாம் அவிழ்ந்துபோனது. எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டேன்.

“மேரி, அன்னைக்கு அந்த அட்டைய ஆண்டவர் எடுத்துக் குடுக்கல. நான்தான் தூக்கி வச்சேன்.”

அவள் இன்னும் இரண்டு கடலை உடைத்தாள். பருப்பைச் சொளகில் போட்டாள்.

“தெரியும்” என்றாள்.

நான் அவளையே பார்த்தேன்.

“நான் கண்ண முழுசா மூடல. உங்க வெரலு தூக்கி விட்டதப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அதுக்கு முன்னாடி நர்சம்மா வராந்தாவுல பேசுனதும் காதுல விழுந்துச்சு. தந்தின்னாங்க. நீங்க உள்ள வாரப்ப, அதச் சொல்லிருவீங்களோன்னு மாதாவக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். நீங்க பொட்டியத் தொறந்தீங்க. தப்பிச்சோம்னு எடுத்துக்கிட்டேன்.” கையில் இருந்த கடலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “தந்தி அடிச்சா புள்ள செத்துப்போகும்னு தோணுச்சும்மா. அடிக்காத வரைக்கும் இருக்கும்னு.”

இரண்டு மாதமாக நான் அவளை ஏமாற்றிவிட்டதாக நினைத்து உருகிக்கொண்டிருந்தேன். அவள் அதைவிடப் பெரியதை வைத்துக்கொண்டு கடலை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். என் குற்றத்தில் ஒரு சிறுபிள்ளைப் பெருமை இருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“உன் வீட்டுக்காரருக்கு இது…”

“சொல்லல. பைபிளம்மா பொட்டியில சாமி அப்பிடிச் சொன்னுச்சு, நம்பிட்டேன்னு சொன்னேன். அட்டையப் புடுங்கிக்கிட்டுப் போயி உங்களுக்குத் தபால்ல போட்டாரு. பத்து நாள் லீவு பாக்கி இருக்கப்பவே கெளம்பிட்டாரு. போயி ஒரு மாசமாச்சு, ஒரு லெட்டர் இல்ல.”

“நான் எழுதுறேன் மேரி. சாமி சொல்லல, நான் பண்ணுன வேலைன்னு எழுதிடுறேன்.”

“எழுதுங்க. ஆனா நான் பாத்தத எழுதாதீங்க.” முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தாள். “அவருக்குக் கோவப்பட ஒரு ஆளு வேணும்மா. அது நானா இருந்தா இந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டாரு.”

“சரி” என்றேன். பாரத்தை இறக்கிவைக்கத்தான் அவ்வளவு தூரம் போனேன். இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டியதாகிவிட்டது. அது நியாயம் என்றே எனக்குப் பட்டது. ஆனாலும் பயமாக இருந்தது.

வீட்டுக்குள் மாதா படத்துக்குக் கீழே சின்ன கவுன் ஒன்று மடித்து வைத்திருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

“பொட்டி கொண்டாந்திருக்கீங்களா?”

“இல்ல. பைபிள் மட்டுந்தான் இருக்கு.”

“நல்லதா எதையும் வாசிக்காதீங்க. எல்லாரும் வந்து நல்லதாச் சொல்லிட்டுப் போயிட்டாங்க.”

“இது நல்லது இல்ல” என்று சொல்லி எண்பத்தெட்டைத் திறந்தேன்.

வார்டில் வாசிக்கிற குரல் வரவில்லை. கம்மிய குரலில்தான் வாசித்தேன். அவள் நடுவில் உடைப்பதை நிறுத்தினாள். கடைசி வரி முடிந்த பிறகும் நான் நிமிராததால் இன்னும் இருக்கிறது என்று நினைத்துக் காத்திருந்தாள்.

“முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சு.”

“அவனுக்குச் சாமி ஒண்ணுமே சொல்லலியா?”

“இதுல சொல்லல.”

“அப்பிடியிருந்தும் வேதத்துல வச்சிருக்காங்களா?”

“வச்சிருக்காங்க.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இன்னொரு தடவ வாசிங்க” என்றாள்.

இரண்டாம் தடவை வாசித்தேன். மூன்றாவதும் கேட்டாள். அதற்குள் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. புளியமரத்துக்கு அந்தப் பக்கம் திண்டுக்கல் பஸ் வந்து நின்றது. ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. எழுத்துகள் ஒன்றோடொன்று கலங்கின. பாதிக்கு மேல் நினைவிலிருந்து சொன்னேன், சில வரிகள் முன்பின்னாகப் போயிருக்கும். பல்பின் சுவிட்ச் அவள் தலைக்கு நேர் மேலே சுவரில்தான் இருந்தது. அவள் எழுந்து போடவில்லை, நானும் போடச் சொல்லவில்லை.

முடிந்ததும் குவியலில் பாதியை என் பக்கம் தள்ளினாள்.

“பாத்து உடைங்க. தோல் உரிஞ்சா மொளைக்காது.”

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கடலையை எடுத்தேன். இருட்டில் ஒவ்வொரு பருப்பையும் விரலால் தடவித் தடவி, தோல் உரிந்ததை ஒரு பக்கமும் உரியாததை ஒரு பக்கமுமாகப் போட்டுக்கொண்டிருந்தோம்.