இறைச்சிக்குப் பக்கத்தில் ஐந்து குப்பிகள்

சர்க்கரை அளக்கும் கருவியின் திரையில் எண் வரவில்லை. இரண்டு எழுத்துகள் வந்தன. இதற்கு மேல் என்னால் அளக்க முடியாது என்று அது கைவிரிக்கிறது. இருபத்திரண்டு வருடத் தாதி வேலையில் அந்த எழுத்துகளை இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அந்த ஆளை நாங்கள் புதைத்தோம்.

மீரிம் தரை மெத்தையில் பாதிக் கண் திறந்து கிடந்தாள். இருபத்தொரு வயது. புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலை. ஏற்றத்தில் மூட்டை சுமப்பவளைப் போல ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கினாள். அந்த மூச்சில் அழுகிய ஆப்பிள் வாசனை. நாக்கு காய்ந்து மரப்பட்டை மாதிரி இருந்தது.

"காலையில ஊசி போட்டீங்களாம்மா?"

"போடாம இருப்பேனா? ஏழு மணிக்கு. நீ கூட்டிச் சொன்ன அளவுதான், ஒரு கோடு கொறையல" என்றாள் மாமியார் உல்கான்.

அவள் பொய் சொல்கிறவள் அல்ல. இந்த மலைக்கிராமத்தில் மருமகளை இப்படித் தாங்கும் மாமியார் இன்னொருத்தி இல்லை. ஆகஸ்டில் மீரிமுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் இதே அறையில் உட்கார்ந்துதான் ஊசி போடக் கற்றுக்கொடுத்தேன். விரிப்பில் ரொட்டி, வெண்ணெய், பாதாமி ஜாம். எனக்கு எதிரே உல்கான். நான் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள். அளவு, நேரம், தொடையில் இடம் மாற்றிப் போடுவது, மருந்தைக் குளிர்பெட்டியில் வைப்பது, எதிலும் ஒரு பிசகு இல்லை. "என் மாமியாருக்கு நான் ஊசி போட்டிருந்தா இப்படியா அளவு பாத்திருப்பேன்?" என்றேன். உல்கான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நோயாளி அப்போது தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். விருந்தாளிக்கு அரைக்கிண்ணத்துக்கு மேல் ஊற்றினால் எழுந்து போகச் சொல்வது போல ஆகிவிடும். அதனால் ஊற்றுகிறவளுக்கு ஓய்வே கிடையாது. கிண்ணத்தை வாங்குவாள், ஊற்றுவாள், நீட்டுவாள், வெந்நீர் கொதிக்கும் சமோவாருக்கு ஓடுவாள். நான் பேசியதில் எத்தனை அவள் காதில் விழுந்தது? அவளை ஒரு கேள்வி கூட நான் கேட்கவில்லை. பதிவேட்டில், 'கற்பிக்கப்பட்டது, புரிந்துகொண்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது என் கை தானாக வேலை செய்தது. நரம்பைத் தேடி ஊசி குத்தி, உப்புநீர் பாட்டிலைச் சுவர்க் கம்பளத்தின் ஆணியில் தொங்கவிட்டேன். மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

"கணவாய்ல பனி தள்ளிக்கிட்டு இருக்காங்க புருல் அக்கா. வண்டி வர மூணு மணி நேரம் ஆகும்" என்றார் டாக்டர். "உப்புநீர் வேகமா விடுங்க. இன்சுலின் இருக்குல்ல?"

"வீட்டுலயே இருக்கு. அம்மா, மருந்தை எடுங்க!"

உல்கான் எழுந்தாள். குளிர்பெட்டி அறை மூலையிலேயே இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சால்வையைப் போர்த்தினாள், காலணி மாட்டினாள், வெளிக்கதவைத் திறந்தாள். குளிர் என் முதுகில் அறைந்தது.

எதற்கு வெளியே போகிறாள்?

குளிர்பெட்டியைப் பார்த்தேன். அதன் வயர் சுருட்டி மேலே வைக்கப்பட்டிருந்தது. நவம்பர் பிறந்தால் ஊரே இப்படிச் செய்யும். வெளியே முற்றமே உறைந்து கிடக்கும்போது எதற்குக் கரண்டு? என் வீட்டிலும் வயர் சுருட்டித்தான் கிடக்கிறது. அது எனக்குத் தெரியும். ஆனால் ஆகஸ்டில் உட்கார்ந்து நவம்பரைப் பற்றி நான் பேசவில்லை.

உல்கான் திரும்பி வந்தாள். அக்குளில் எதையோ பொத்தி வைத்திருந்தாள். வெள்ளைத் துணியைப் பிரித்தால் சின்னக் கண்ணாடிக் குப்பி.

"வெளிக் கொட்டகையில குதிரை இறைச்சி தொங்குதுல்ல, அதுக்குப் பக்கத்துல தனியா ஒரு பை கட்டி வெச்சிருக்கேன். அஞ்சும் அங்கதான். பூனை கூட எட்டாது" என்றாள் பெருமையாக. "போடறதுக்கு முன்னாடி அடுப்புப் பக்கம் வெச்சா எளகிடும்."

வெளியே மைனஸ் இருபத்தெட்டு. குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய தூள் ஒட்டியிருந்தது. ஒரு தடவை உறைந்த இன்சுலினை எந்த அடுப்பும் மீட்காது. மூன்று வாரமாக இந்தப் பெண் உடம்பில் ஏறியது வெறும் தண்ணீர்.

மூன்று வாரம். முதல் வாரமே சர்க்கரை ஏறியது. அண்டை வீட்டு நீத்தார் விருந்தில் எண்ணெய்ப் பலகாரம் தின்றிருப்பாள் என்று நான் முடிவுகட்டினேன். இந்த வாசலில் நின்று மாமியார் முன்னாலேயே கத்தினேன்.

"நான் ஒண்ணும் திங்கலக்கா" என்றாள் மீரிம். பிறகு தரையைப் பார்த்தபடி, "அக்கா, அந்த மருந்து..."

"மருந்து மேல பழியப் போடாதடி! வாயக் கட்டு, போதும்."

அவள் வாயைக் கட்டிக்கொண்டாள். நான் டாக்டரைக் கேட்டு அளவைக் கூட்டினேன்.

"அக்கா? இன்சுலின் குடுத்தாச்சா?" போனில் டாக்டர்.

"அஞ்சு குப்பியும் உறைஞ்சு போச்சு டாக்டர். வேற இல்ல."

"வண்டியில குடுத்து விடறேன்" என்றார். மூணு மணி நேரம் என்பதை அவரும் மறுபடி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உல்கானின் முகம் வெளிறிவிட்டது. குப்பியைத் திரும்ப வாங்கி, துணியில் சுற்றி, மறுபடி அக்குளில் வைத்துக்கொண்டாள். இன்னும் சூடேற்றினால் சரியாகிவிடும் என்பது போல.

"நீ சொன்ன மாதிரிதானே செஞ்சேன், புருல்? குளிர்ச்சியா வைக்கணும்னுதானே சொன்னே?"

"ஆமாம்மா. நான் சொன்ன மாதிரிதான் செஞ்சீங்க."

பாட்டிலில் சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. நாடியைப் பிடித்தேன். நூல் மாதிரி ஓடியது. உல்கானுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் செய்வதைச் செய்தாள். எனக்கு ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றினாள்.

ஊற்றும் சத்தம் கேட்டதும் மீரிமின் கை போர்வையிலிருந்து எழுந்தது. ஊசி குத்தியிருந்த கை. கண் திறக்கவில்லை. விரல்கள் காற்றில் கிண்ணத்தைத் தேடின. நான் அதைப் பிடித்து மெத்தையில் அமர்த்தினேன். மறுபடி எழுந்தது, அரைக்கிண்ணம் வாங்கும் அளவுக்கு விரல்களை வளைத்துக்கொண்டு.

வெளியே சாலையில் எந்தச் சத்தமும் இல்லை.