கர்ஜனா 500-க்கு ஒரு மகஜர்

சாமிதுரை வாங்கிய ஹெட்போனுக்குக் 'கர்ஜனா 500' என்று பெயர். அட்டைப்பெட்டியின் மேல் ஒரு சிங்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பிரித்துக் காதில் மாட்டிக் கேட்டால், அந்தச் சிங்கத்தை யாரோ நெல் மூட்டைக்குள் போட்டு வாயைத் தைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அறுபத்திரண்டு வயதில் அவர் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டு அதை வாங்கவில்லை. தன் வழக்கைக் கேட்பதற்காக வாங்கினார். கூத்தாநல்லூருக்கு மேற்கே வெண்ணாற்றுப் பாசனத்தில் ஐந்து மா நிலம். அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பம்தான் அதில் நடுகிறது, அறுக்கிறது. சாமிதுரை தன்னைக் குத்தகைதாரர் என்கிறார். நிலத்துக்குச் சொந்தக்காரர்களான பண்ணை வீட்டார் அவரைக் கூலியாள் என்கிறார்கள். குத்தகைதாரர் என்றால் அவரை யாரும் வெளியேற்ற முடியாது. கூலியாள் என்றால் நாளைக் காலையே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். இந்த ஒரு கேள்விக்கு முப்பத்தோரு வருஷமாக வழக்கு நடக்கிறது.

இந்த முப்பத்தோரு வருஷத்தில் ஆட்சி மட்டும் ஐந்தாறு தடவை மாறிவிட்டது. ஊர் முனையில் ஒரு சுவர் உண்டு. தேர்தலுக்குத் தேர்தல் ஒரு கட்சி அதில் வெள்ளையடித்து 'உழுபவருக்கே நிலம்' என்று எழுதும். அடுத்த தேர்தலில் மற்றக் கட்சி அதை அழித்து வெள்ளையடித்து, அதையே வேறு நிறத்தில் எழுதும். சுவர் பருத்ததுதான் மிச்சம். சாமிதுரையின் ஐந்து மா அப்படியே கோர்ட்டில் கிடந்தது.

முன்சீப் கோர்ட்டில் அவர் ஜெயித்தார். அன்றைக்கு நீதிபதி தமிழில் படித்த தீர்ப்பைக் கை கட்டி நின்று கேட்டார். இன்றைக்கும் எழுப்பிக் கேட்டால் வரி பிசகாமல் சொல்வார். அப்பீலுக்கு மட்டும் அறுப்பு நேரம் என்பதால் போகவில்லை. வக்கீல் குமாஸ்தா போனில், "எல்லாம் முடிஞ்சுதுண்ணே, கவலைய விடுங்க" என்றார். முடிந்தது உண்மைதான், தோற்று முடிந்திருந்தது. அது தெரிய அவருக்கு நாலு நாள் ஆயிற்று. அன்றைக்கு ஒரு முடிவெடுத்தார்: இனி எந்தத் தீர்ப்பானாலும் தன் காதால் கேட்பது, அடுத்தவன் வாயால் கேட்பதில்லை.

வழக்கு சென்னையில் பெரிய கோர்ட்டுக்குப் போனது. கொரோனாவும் வந்தது. கோர்ட் செல்போனுக்குள் வந்துவிட்டது. சாமிதுரையின் செல்போன் நாற்றுப் பறிக்கும்போது சேற்றில் விழுந்து எழுந்ததிலிருந்து வெளியே சத்தம் விடுவதில்லை. அதனால்தான் லியாகத் அலியின் மொபைல் கடையில் கர்ஜனா 500 வாங்கினார். ஆடி மாதம் நடந்த விசாரணையை அதில் கேட்டார். ஒரு மணி நேரம் உம்ம் என்று ஒரு முழக்கம். அதற்குள் யார் நீதிபதி, யார் வக்கீல் என்றே பிரிக்க முடியவில்லை. தீர்ப்புக்கு நாற்பது நாள் தள்ளி நாள் குறித்திருப்பதைக்கூடக் குமாஸ்தா சொல்லித்தான் தெரிந்துகொண்டார். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கடை வாசலில் நின்றார்.

லியாகத் அலி இருபது வருஷம் குவைத்தில் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர். பொறுமைசாலி. வாரண்டி அட்டையின் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்துப் பார்த்தார்.

"அண்ணே, சத்தம் வரலைன்னாத்தான் வாரண்டி. சத்தம் புடிக்கலைன்னா வாரண்டி கெடையாது."

"வாய்க்கால்ல தண்ணி வருது, ஆனா வயலுக்கு ஏறலைன்னா அதுக்குப் பேரு பாசனமா பாய்?"

"அது சரிண்ணே. நான் வெறும் கடக்காரன். கம்பெனிக்குப் போனப் போடுங்க."

கடைப் போனிலிருந்தே போட்டார். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினார். ஒரு பெண் பேசினாள். "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு மனமார வருந்துகிறோம்" என்றாள். அவர் ஒவ்வொரு தடவை மூச்சு வாங்கும்போதும் அவள் வருந்தினாள். கடைசியில், பொருளைக் கூரியரில் அனுப்பி வையுங்கள், நிபுணர்கள் காதில் வைத்துப் பார்த்துவிட்டு இருபத்தோரு வேலை நாட்களில் சொல்வார்கள் என்றாள்.

"அனுப்புறதா?" என்றார் சாமிதுரை. "அது நடக்காதும்மா. ஒங்க ஆளு இங்க வரட்டும்."

இதை ஒரு வெளியூர்க்காரர் பிடிவாதம் என்பார். ஆனால் ஐந்து மாவுக்காக முப்பத்தோரு வருஷம் கோர்ட் படி ஏறியவருக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: பொருள் யார் சுவாதீனத்தில், யார் கைவசம் இருக்கிறதோ அவருக்குத்தான் பேச்சு. வயலை விட்டு ஒரு போகம் வெளியே நின்றால் போதும், மறு போகம் 'நீ யார்' என்று கேட்பார்கள். இதற்குப் பயந்தே சொந்தத் தங்கையின் கல்யாணத்தன்றுகூடத் தாலி கட்டியதும் ஓடிவந்து மடை திறந்தவர் அவர். வேலூரோ, எந்த ஊரோ, முகம் தெரியாத ஒரு கம்பெனிக்குப் பொருளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்று நியாயம் கேட்பாரா? அன்றிலிருந்து ஹெட்போன் அவர் கழுத்திலேயே கிடந்தது. களை பார்க்கப் போனாலும் கிடந்தது, மாட்டுக்குத் தவிடு வைக்கும்போதும் கிடந்தது. குளிக்கும்போது மட்டும் கண் படுகிற இடத்தில் கொடியில் தொங்கியது.

அவர் மனைவி காத்தாயி மகளிர் குழுத் தலைவி, நாலு பேங்க் மேனேஜரை மேய்த்தவள். அவளுக்கு இந்தக் கூத்து பொறுக்கவில்லை.

"ஏங்க, வேற ஒண்ணு வாங்கிப்புட்டா என்ன? தீர்ப்பு நாளு நெருங்குதுல்ல?"

"இன்னொண்ணு வாங்குனா, இது நல்லாத்தான் இருக்குன்னு நாம ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"யாரு கேக்கப்போறா?"

"எழுத்துல வந்துடும்டி" என்றார் சாமிதுரை. எழுத்தில் வந்துவிடும் என்ற பயம் அவருக்கு எமபயத்தைவிடப் பெரிது.

எழுத்துக்கு எழுத்தால்தான் பதில். அவரிடம் ஒரு கட்டு ஜெராக்ஸ் மனு எப்போதும் தயாராக இருக்கும். நாற்பத்தாறு மனு போட்டவர் ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுதிக்கொண்டிருக்க முடியுமா? பெயர், நாள், புல எண் இவற்றுக்கு மட்டும் இடம் விட்டு மற்றதெல்லாம் அச்சிலேயே இருக்கும். அதில் ஒன்றை உருவி, 'நிலம்' என்று கண்ட இடத்தையெல்லாம் அடித்து 'ஹெட்போன்' என்று எழுதினார். மூன்று இடத்தில் அடிக்க மறந்துபோனார். 'மேற்படி ஹெட்போனை நானும் என் முன்னோரும் பரம்பரையாக அனுபவித்து வருகிறோம்' என்ற வரியும் அப்படியே போயிற்று. கலெக்டர் ஆபீஸ் குறைதீர் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். நில மனு என்று நினைத்து அங்கிருந்து தாலுகாவுக்கு அனுப்பினார்கள். தாலுகா கிராம நிர்வாக அலுவலர் இராஜாங்கத்துக்கு அனுப்பியது.

இராஜாங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்போடு வந்து இறங்கினார்.

"எந்த நெலம்ணே? எந்தப் பக்கம் அளக்கணும்?"

சாமிதுரை கழுத்திலிருந்ததைக் காட்டினார். இராஜாங்கம் மனுவை இன்னொரு தடவை படித்தார், தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"கிணறு வெட்டப் பூதம் கெளம்புன கதையா இருக்கே. இத நான் தள்ளுபடி பண்ணவும் முடியாது. ஸ்தல ஆய்வு செஞ்சு அறிக்கை குடுன்னு மேல எழுதியிருக்கு. குடுக்கலைன்னா எனக்கு மெமோ வந்துடும்."

"செய்யுங்க சார். நான் தடுக்கலையே."

ஆய்வு நடந்தது. கழட்டிக் கொடுக்க மாட்டேன் என்று சாமிதுரை சொல்லிவிட்டதால், ஒரு காதுப் பக்கம் அவர் காதிலும் மறு பக்கம் இராஜாங்கத்தின் காதிலுமாக, இரண்டு பேரும் ஒட்டுக்கன்றுகள் மாதிரி கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு ஒரு நாதஸ்வரக் கச்சேரி கேட்டார்கள். இராஜாங்கம் முகம் சுளித்தார்.

"உண்மதான்ணே. கல்யாணம் நம்மூர்ல, மேளம் அடுத்தூர்ல அடிக்கிற மாதிரி இருக்கு."

கண்ட உண்மையை மகஜராக எழுதினார். அவருக்கு எழுத வந்ததெல்லாம் ஒரே நடைதான். 'மேற்படி கருவியைப் பார்வையிட்டதில் அது மனுதாரரின் கழுத்தில் சுவாதீனத்தில் இருக்கக் காணப்பட்டது. ஒலி திருப்தியில்லை. ஆக்கிரமிப்பு ஏதுமில்லை. எதிர்மனுதாரர் பதினைந்து தினங்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்காத பட்சத்தில் மேல்நடவடிக்கை தொடரப்படும்.' காத்தாயியும், எதிரே டீக்கடை வைத்திருக்கும் பஞ்சநதமும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு இடத்தில் வட்ட முத்திரை விழுந்தது. ஒரு நகலைக் கம்பெனியின் தலைமை ஆபீசுக்கு ரிஜிஸ்டர் தபாலில் சாமிதுரையே அனுப்பினார். அந்த ஆபீஸ் டெல்லிப் பக்கம் எங்கோ இருந்தது.

பன்னிரண்டாம் நாள் பஞ்சநதத்தின் டீக்கடைக்கு லியாகத் அலியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, என்னத்த அனுப்புனீங்க? டிஸ்ட்ரிபியூட்டர் நடுங்குறான். அங்க ஒருத்தருக்கும் தமிழ் படிக்கத் தெரியலையாம். சீல் இருக்கு, சர்க்கார் பேப்பரு, சாட்சி வேற இருக்கு, ஏதோ பெரிய கேஸுன்னு வக்கீல் டிபார்ட்மெண்டு பயந்துபோச்சாம். மேல் மாடல் ஒண்ண ஒடனே குடுத்து ஆள அனுப்பிவைன்னு உத்தரவு."

அன்றைக்குச் சாமிதுரை நடந்த நடையை யாரும் பார்த்திருக்க வேண்டும். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு காகிதம் போட்டு ஒரு காரியம் நடந்தது இதுதான் முதல் தடவை. கடையில் புதிய பெட்டி வந்திருந்தது: கர்ஜனா 900, சிங்கம் இன்னும் பெரிது. ஆனால் பழையதை முதலில் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. புதியது வலது கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் இடது கை பழையதை விட்டது.

"நான் என்ன ஒங்க நெலத்தையா புடுங்கப்போறேன்?" என்றார் லியாகத் அலி.

"நீங்க நல்லவரு பாய். பழக்கம் பொல்லாதது."

தீர்ப்பு நாள் வந்தது. சாமிதுரை தலைக்குக் குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டு, கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பஞ்சநதம் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். இராஜாங்கமும், தான் எழுதிய மகஜர் பலித்த பெருமையில், வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். பண்ணை வீட்டிலும் இதே நேரத்தில் யாரோ செல்போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். காத்தாயி லிங்க்கை அழுத்தினாள். சாமிதுரை கர்ஜனா 900-ஐக் காதில் வைத்தார்.

ஆகா, என்ன சத்தம்! கோர்ட்டில் யாரோ காகிதம் புரட்டியது கேட்டது. பேனா மூடியைக் கழட்டியது கேட்டது. நீதிபதி தொண்டையைச் செருமியது, தன் பக்கத்தில் நின்று செருமிய மாதிரிக் கேட்டது. சாமிதுரைக்குக் கண் கலங்கியது.

நீதிபதி படிக்க ஆரம்பித்தார். ஒரு எழுத்து சிந்தாமல், ஒரு மூச்சு தவறாமல், அத்தனையும் இங்கிலீஷ்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட சாமிதுரை, அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆடி மாதத்து முழக்கத்தில் என்ன மொழி என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தமிழுக்காகவே பிறந்த கட்சிகள் மாறி மாறி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆண்ட நாட்டில், தன் வயலைப் பற்றித் தன்னிடம் வேறு பாஷையில் பேசுவார்கள் என்று அவர் நினைக்கவே இல்லை. சரளமாக ஓடிய அந்தப் பேச்சுக்கு நடுவில் நடுவில் 'சாமிதுரை' என்று மட்டும் சுத்தமாகக் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். ஏழு தடவை வந்தது. குத்தகைதாரன் சாமிதுரையா, கூலியாள் சாமிதுரையா என்பது மட்டும் தெரியவில்லை.

"என்னங்க சொல்றாங்க?" என்றாள் காத்தாயி.

அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"இங்கிலீசா? அய்யய்யோ, கழட்டி சார்கிட்ட குடுங்க! அவருக்குப் புரியும்! ஏங்க, குடுங்கங்குறேன்ல!"

இராஜாங்கம் கை நீட்டினார். சாமிதுரையின் இரண்டு கையும் மேலே போயின. கொடுக்கத்தான் போயின என்று அவரே நினைத்தார். ஆனால் போன கைகள் ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டன. வெட்கமா, பயமா, முப்பத்தோரு வருஷத்துப் பழக்கமா, அவருக்கே தெரியாது. காத்தாயி விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து இழுத்து, இராஜாங்கம் அதை வாங்கிக் காதில் மாட்டினபோது, நீதிபதி அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார். அது யாரோ ஒருவரின் லாரி இன்சூரன்ஸ்.

இராஜாங்கம் தன் போனிலிருந்து குமாஸ்தாவைக் கூப்பிட்டார்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது சாமிதுரையின் போன் அதிர்ந்தது. எல்லாரும் பாய்ந்தார்கள். லியாகத் அலி.

காத்தாயி ஹெட்போனை மறுபடி அவர் காதில் வைத்தாள்.

"அண்ணே, கம்பெனிக்காரன் கேக்குறான், புகாரை மூடணுமாம். புதுசு எப்படிண்ணே இருக்கு? சத்தம் தெளிவா இருக்கா?"

"சத்தத்துல ஒரு குறையும் இல்ல பாய்" என்றார் சாமிதுரை. "இனிமே யாரு மேல மனுப் போடுறதுன்னுதான் தெரியல."