நெஞ்சுக்குள்ளை காஸ்

"மாரிலை கட்டியெண்டு சொல்லுங்கோ. வலப் பக்கம். ஒரு மாசமாக் கிடக்கு, கரையுதில்லை எண்டும் சொல்லுங்கோ," என்றாள் மாக்கிரட்.

"சொல்லுறன், சொல்லுறன். கொஞ்சம் பொறன்," என்று அதட்டிவிட்டு, செபஸ்தியாம்பிள்ளை டொக்டரின் பக்கம் திரும்பினார். ஜான்-டலோன் மரக்கறிச் சந்தையில் பத்தொன்பது வருடம் தக்காளிப் பெட்டி தூக்கிப் பழகிய பிரெஞ்சில் சொன்னார்: "இவளுக்கு நெஞ்சுக்குள் கொஞ்சம் காஸ், டொக்டர். இரண்டு கிழமையாக."

டொக்டர் அதை எழுதிக்கொண்டார். குளிசை எழுதிக் கொடுத்தார்.

"என்னவாம்?" என்றாள் மாக்கிரட்.

"காஸ்தானாம், வெறும் வாய்வு. பயப்பிட ஒண்டுமில்லையாம்."

அட பாவி மனுசா என்று நீங்கள் திட்டுவது எனக்குக் கேட்கிறது. திட்டுங்கள். ஆனால் செபஸ்தியாம்பிள்ளை கெட்டவர் இல்லை, அதுதான் பெரிய தொல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், ஞாயிறு பூசை தவற விடமாட்டார். மனைவியின் மார்பைப் பற்றி இன்னோர் ஆம்பிளைக்குச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. அது முதல் காரணம். இரண்டாவது காரணம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவாலில் இருந்தது.

அந்த வருடம்தான் லவாலுக்கு மெட்ரோ ஓடத் தொடங்கியது. மகள் றொசானாவுக்கு அங்கேயிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பையன் ஜெராட், நல்ல பிள்ளை. பெண் பார்க்க வந்த அன்று அவன் தாய் றோசா தேத்தண்ணீரைக் கையில் எடுக்க முதலே கேட்டாள்: "உங்கட பக்கத்திலை வருத்தம் கிருத்தம் ஒண்டும் இல்லையே?"

எங்கள் ஆட்கள் எத்தனை கடல் கடந்தாலும் இந்தக் கேள்வியைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சலரோகம், அதுதான் சீனி வியாதி, என்றால் பரவாயில்லை, யாருக்குத்தான் இல்லை? பிரஷரும் பரவாயில்லை. ஆனால் அந்த மற்ற நோய், அதுவும் பெண்ணின் தாய்க்கு என்றால், பெண்ணையே நோயாகப் பார்ப்பார்கள். "தாய்க்கு வந்தது மகளுக்கும் வருமாம்" என்று பூசை முடிந்த கையோடு கதைப்பார்கள். அப்படி ஒரு சம்பந்தம் குழம்பி, முப்பத்தாறு வயதிலும் தனியே இருக்கிற ஒருத்தியை அந்தக் கோயில் பங்கில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த டொக்டரையும் சும்மா விடக்கூடாது. அரசாங்கம் கொடுத்த, சூரியன் படம் போட்ட மெடிக்கல் கார்ட் எல்லோர் கையிலும் இருக்கிறது. குடும்ப டொக்டர் மட்டும் கிடைக்கமாட்டார். அன்று விடிய ஆறு மணிக்கே பனிக்குள் வரிசையில் நின்று, நம்பர் எடுத்து, பத்தரைக்கு உள்ளே போன மாக்கிரட்டுக்கு அந்தக் கிளினிக் கொடுத்தது ஆறு நிமிடம். ஒருமுறை தொட்டுப் பார்த்திருந்தால் போதும். வெளியே இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள்.

கலியாணம் அடுத்த மே மாதம் என்று முற்றாகியது. அதுவரை தள்ளிவிட்டால் போதும் என்று செபஸ்தியாம்பிள்ளை கணக்குப் போட்டார். மாக்கிரட் இரண்டு தரம், "இன்னொருக்கா டொக்டரிட்டைப் போவமே?" என்று கேட்டாள். "குளிசையை ஒழுங்காப் போடு, கரைஞ்சிடும்," என்றார்.  அப்படிச் சொன்ன நாளெல்லாம் சந்தையிலிருந்து வரும்போது நல்ல மாம்பழமாகப் பொறுக்கிக்கொண்டு வந்து, தானே தோல் சீவி வெட்டிக் கொடுத்தார். அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். வாயை மட்டும் திறக்கவில்லை.

கார்த்திகையில் மாக்கிரட் காய்ச்சல் தடுப்பூசி போடத் தனியே அரசாங்க சுகாதார நிலையத்துக்குப் போனாள். ஊசி போட வந்தவள் ஹெயிட்டி நாட்டு நேர்ஸ். மாக்கிரட்டுக்கு "போன்ஜூர்" தெரியும், "மெர்சி" தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நேர்ஸின் கையைப் பிடித்தாள். இழுத்துத் தன் வலது மார்பில் வைத்தாள். நேர்ஸின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது.

அதற்குப் பிறகு படம் எடுத்தார்கள், ஊசியால் குத்திச் சதை எடுத்தார்கள். முடிவு சொல்லத் தை மாதம் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். "நான் வாறன், நான்தானே கதைக்கவேணும்," என்று செபஸ்தியாம்பிள்ளையும் கிளம்பினார். அறைக்குள் நுழைந்தவர் கதவடியிலேயே நின்றுவிட்டார். டொக்டருக்குப் பக்கத்தில் ஜெகதீஸ்வரி இருந்தாள். லவாலில் றோசாவின் பக்கத்து வீட்டுக்காரி.

"தங்கச்சி, நீங்கள் போகலாம். நானே சொல்லுவன்."

"இல்லை அண்ணை. மொழிபெயர்க்கச் சொல்லி ஆஸ்பத்திரிதான் என்னைக் கூப்பிட்டது," என்றவள் மாக்கிரட்டைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா, இந்த அறைக்குள்ளை ஆர் என்ன சொன்னாலும் நான் அப்பிடியே மற்றப் பக்கத்துக்குச் சொல்லுவன். வெளியிலை ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன். கையெழுத்து வைச்சிருக்கிறன்."

டொக்டர் ஓர் இளம் பெண். கேட்டாள். ஜெகதீஸ்வரி தமிழாக்கினாள்: "எப்பயிருந்து இருக்கு அக்கா?"

"போன மாசியிலையிருந்து. பங்குனியிலேயே டொக்டரிட்டைச் சொன்னனான்."

டொக்டர் ஃபைலில் ஒரு தாளைத் தேடி எடுத்தாள். பழைய கிளினிக்கிலிருந்து ஃபாக்ஸில் வந்தது. திரும்பத் திரும்ப வாசித்தாள்.

"அக்கா," என்றாள் ஜெகதீஸ்வரி, "இதிலை நெஞ்சுக்குள்ளை காஸ், இரண்டு கிழமை எண்டு எழுதியிருக்காம். கட்டியெண்டு ஒரு சொல்லும் இல்லையாம்."

மாக்கிரட் மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

அவர் அவளின் காதுக்குள் குனிந்தார். "இப்ப அதைக் கிளறாதை. றொசானாவின்ரை கலியாணம் குழம்பிப் போகும். மே மாசம் மட்டும் பொறுப்பம் எண்டுதான் நான்..."

பக்கத்தில் ஜெகதீஸ்வரியின் பிரெஞ்சு ஓடத் தொடங்கிவிட்டது. கலியாணம், மே மாதம், பொறுப்பம், எல்லாம் ஒன்றும் விடாமல் போனது. டொக்டர் பேனையை மேசையில் வைத்தாள்.

"ஐயோ தங்கச்சி, அது நான் இவளுக்குச் சொன்னது!"

அதையும் ஜெகதீஸ்வரி மொழிபெயர்த்தாள்.

மாக்கிரட் அழவில்லை. "பத்து மாசம்," என்றாள். "நீங்கள் வெட்டித் தந்த பழத்தையெல்லாம் எவ்வளவு சந்தோசமாத் திண்டன்." பிறகு ஜெகதீஸ்வரியிடம், "டொக்டருக்குச் சொல்லு பிள்ளை. இவர் வெளியிலை இருக்கட்டும்," என்றாள்.

டொக்டரே எழும்பிக் கதவைத் திறந்துவிட்டாள்.

வெளியே பிளாஸ்டிக் கதிரையில் செபஸ்தியாம்பிள்ளை முக்கால் மணித்தியாலம் இருந்தார். லவால் நினைவு துப்புரவாகப் போய்விட்டது. பங்குனியில் வாய் திறந்திருந்தால், சித்திரையில் திறந்திருந்தால் என்று மாதங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். வெட்கம் என்று ஒன்றை நினைத்தேனே, அதைவிட வெட்கம் வேறென்ன இருக்கிறது என்று அவருக்கே தன்மேல் அருவருப்பாக வந்தது.

முதலில் ஜெகதீஸ்வரி வெளியே வந்தாள். ஓடிப் போய் மறித்தார்.

"தங்கச்சி, என்ன சொன்னவை? முத்திப்போச்சோ? தப்புவாளோ?"

"அண்ணை, அக்கா சொல்லச் சொல்லாமல் நான் ஒண்டும் சொல்லக்கூடாது."

"நான் அவளின்ரை புருசன்!"

"தெரியும் அண்ணை," என்றாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. தாளில் நேரத்தைக் குறித்துக்கொண்டு போய்விட்டாள்.

மாக்கிரட் கையில் ஒரு கட்டுக் கடதாசியோடு வந்தாள். கோட்டைப் போட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். இருவரும் லிஃப்ட் வரைக்கும் நடந்தார்கள்.

"வீட்டை போய் றொசானாவுக்குச் சொல்லப்போறன். பின்னேரம் றோசாவுக்கும் போன் எடுத்து நானே சொல்லுவன். விருப்பமெண்டால் கட்டட்டும், இல்லாட்டி விடட்டும்."

"எனக்கு?" என்றார் அவர். "எனக்கு என்னெண்டு சொல்லன், மாக்கிரட்."

அவள் லிஃப்ட் பொத்தானை அமத்தினாள்.

"உங்களுக்கு எவ்வளவு சொல்லலாமெண்டு நான் யோசிச்சுச் சொல்லுறன்."