கீழ்ப்பக்கத்து மண்

கொல்லையில் வைக்கிற நீச்சல் தொட்டியின் பெட்டியோடு வந்த குறிப்புத்தாளில் ஒரு வரியை மட்டும் கட்டம் போட்டு அச்சிட்டிருந்தார்கள். தரை சரிவாக இருந்தால் மேட்டுப் பக்கத்தை வெட்டித்தான் சமப்படுத்த வேண்டும். பள்ளப் பக்கத்தை மண் போட்டு நிரப்பக் கூடாது. கொலீன் பெட்ராக் அதைச் சமையலறை மேசையில் வைத்து இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். அவள் கணவன் கர்ட் காபி குடித்துக்கொண்டே கேட்டான். கேட்டுவிட்டு, அது மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்காக எழுதியது என்றான்.

கர்ட்டுக்கு மண்ணைப் பற்றித் தெரியும் என்பதில் அந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஊர்ச் சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் அவனுக்கு இருபத்திரண்டு வருடச் சர்வீஸ். மழையில் அரித்துப்போன சாலையோரங்களில் மண் கொட்டி, திமிசு போட்டு இறுக்கி, மேலே சரளை பரப்புவது அவன் வேலை. மேற்குப் பென்சில்வேனியாவின் அந்த மலைப்பக்கத்தில் சமதரை என்று பார்த்தால் பள்ளிக்கூட மைதானமும் சர்ச்சில் கார் நிறுத்துகிற இடமும்தான். மற்றதெல்லாம் யாராவது வெட்டியோ நிரப்பியோ உண்டாக்கியது.

பெட்ராக் வீட்டுக் கொல்லை சமையலறைக் கதவிலிருந்து தென்கிழக்காக இறங்கி வேலியில் முடியும். வேலிக்கு அந்தப் பக்கம் பத்தடி தாழ்வில் ரெனேயின் வீடு. ரெனே முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறவள். புருஷன் எரிவாயுக் கிணறுகளில் மூன்று வாரம் வேலை, ஒரு வாரம் வீடு என்று ஓடிக்கொண்டிருந்தான். ஏழு மாதக் குழந்தை மைக்காவோடு அவள் பகலில் தூங்குவது அடித்தள அறையில். அங்கேதான் இருட்டும் குளிர்ச்சியும். அந்த அறையின் ஒற்றைச் சன்னல் புல்தரையை ஒட்டி, சரிவைப் பார்த்தபடி இருந்தது.

இருபத்துநாலு அடி வட்டம், தகரச் சுவர், நாலரை அடி உயரம். மகள் ஹேலிக்கு ஜூன் இருபதாம் தேதி பதினோரு வயது. போன வருடமே வாங்கித் தருவதாகச் சொல்லி நடக்காமல் போன தொட்டி அது. இந்த வருடம் ஹேலி வகுப்பில் பத்துப் பேருக்கு அழைப்பு கொடுத்துவிட்டாள்.

மே கடைசியில் வேலை தொடங்கியது. நடுவில் முளை அடித்து, கயிறு கட்டி வட்டம் போட்டு, புல்லை உரித்தார்கள். ஒரு ஓரத்துக்கும் எதிர் ஓரத்துக்கும் ஒன்றரை அடி வித்தியாசம். மேட்டுப் பக்கம் ஒன்பது அங்குலம் வெட்டுவதற்குள்ளேயே களிமண் போய்ப் பலகைப் பாறை வந்துவிட்டது. கடப்பாரை போட்டால் நெருப்புப் பொறி பறந்தது. இரண்டு வாரக் கடைசிகள் அதில் போயின. அப்புறம் ஒரு சனிக்கிழமை கர்ட் கடப்பாரையை வேலியில் சாய்த்துவிட்டு, வெட்டிய மண்ணை அப்படியே கீழ்ப்பக்கம் தள்ளலாம் என்றான்.

"பெட்டியில போட்டிருக்கே, கர்ட்."

"நான் திமிசு போட்ட மண்ணு மேல நிலக்கரி லாரி போகுது, கொலீன். இது வெறும் தண்ணி."

வெறும் தண்ணீர் பதிமூன்றாயிரம் கேலன். எடை ஐம்பது டன்னுக்கு மேல். குறிப்புத்தாளில் அதுவும் இருந்தது. கொலீன் அதைப் படித்துக் காட்டவில்லை.

வேலையிடத்திலிருந்து திமிசு இயந்திரத்தை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி வந்தான். மூன்று அங்குலம் மண், ஒரு தடவை திமிசு, மறுபடி மூன்று அங்குலம் என்று ஒழுங்காகத்தான் போட்டான். மத்தியானம் மூன்று மணிக்கு எங்கோ குழாய் வெடித்துவிட்டதென்று குழுவிலிருந்து ஆள் வந்து இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மிச்சம் இருந்தது தென்கிழக்குக் கால்பங்கு. அதில் ஒரேயடியாக மண்ணைக் கொட்டி, புல்தரை உருளையை உருட்டி, மேலே ஏறி நின்று பூட்ஸ் காலால் மிதித்தான். கொலீனும் மிதித்தாள். ஹேலியும் வந்து குதித்தாள். அன்று மூவரும் சிரித்தார்கள்.

மறுநாள் ஞாயிறு, ஜூன் ஏழு. மட்டம் பார்க்கிற நாள். பன்னிரண்டடிச் சட்டம் ஒன்றின் ஒரு முனையை நடுமுளையில் வைத்துக் கர்ட் பிடித்துக்கொள்ள, மறுமுனையைக் கொலீன் வட்டம் சுற்றிக் கொண்டுபோய், ஒவ்வொரு காலடிக்கும் ஒரு தரம் தரையில் வைத்து, சட்டத்தின் மேலிருந்த ரசமட்டத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வடக்கும் மேற்கும் குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் அடங்கி உட்கார்ந்தது. தென்கிழக்குக்கு வந்ததும் அது நகர்ந்தது. நடுமுளைப் பக்கமாக ஒதுங்கி, பாதிக் குமிழி கோட்டுக்கு வெளியே நின்றது. கொலீன் காலால் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். முந்தின நாளைவிடத் தாழ்ந்திருந்தது. ஒரு இரவுக்குள் தானாக உட்கார்ந்திருக்கிறது.

வானம் கறுத்து வந்தது. மணல் லாரிக்காரன் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான். அவளுக்கு முதுகு விண்டுபோயிருந்தது.

"எப்படி இருக்கு?" என்றான் கர்ட்.

"சரியா இருக்கு" என்றாள் கொலீன்.

அவன் ஒரு கணம் சட்டத்தை எடுக்காமல் இருந்தான். எழுந்து வந்து பார்ப்பான் என்று நினைத்தாள். பார்க்கவில்லை.

மணல் பரப்பி, சுவர் நிறுத்தி, நீல உறை விரித்து, பதினாலாம் தேதி மாலை தொட்டி நிரம்பியது. அப்போதுதான் கொலீனுக்கு ஒன்று புரிந்தது. தண்ணீரைப் போல மட்டம் காட்டும் கருவி வேறு கிடையாது. சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதைத் தண்ணீர்க் கோடு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதிக் காட்டிவிடும். திங்கட்கிழமை காலையில் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தாள். மேட்டுப் பக்கம் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை ஆறு அங்குலம். கீழ்ப்பக்கம் ஐந்து. ஒரு அங்குல வித்தியாசம் வரை பரவாயில்லை என்று குறிப்புத்தாள் சொன்னது. இரண்டு வந்தால் தண்ணீரை இறக்கிவிட்டு மறுபடி தரையைச் சரிசெய்யச் சொன்னது. அடுப்புக்கு மேலே தொங்கிய காலண்டரில், பதினைந்து என்ற கட்டத்துக்குள், பென்சிலால் சின்னதாக 1 என்று எழுதினாள்.

செவ்வாய், 1. புதன், ஒன்றேகால். வியாழன் முழுக்க மழை. வெள்ளிக்கிழமை காலை டேப்பை இரண்டு தடவை வைத்துப் பார்த்தாள். 2.

அன்று வேலிப்பக்கமாக இறங்கி நடந்தபோது, நிரப்பிய மண்ணின் அடிவாரத்தில் புல் மட்டும் பச்சையாக இருந்த ஒரு இடத்தில் செருப்பு புதைந்தது. மிதித்த இடத்தில் தண்ணீர் ஊறி வந்து தங்கியது. அங்கிருந்து ரெனேயின் சன்னல் பதினைந்து அடி. சன்னலுக்குள் திரை மூடியிருந்தது. குழந்தை எதற்கோ சிணுங்கிவிட்டு அடங்கியது.

கர்ட்டிடம் சொன்னாள். அளவை மட்டும் சொன்னாள், குமிழியைச் சொல்லவில்லை. எந்தத் தொட்டியும் முதல் வாரம் கொஞ்சம் உட்காரும், அப்புறம் நின்றுவிடும் என்றான் அவன். சாலையும் அப்படித்தானாம். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம், சனிக்கிழமைப் பிறந்தநாள் மட்டும் போகட்டும் என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை விடிந்து அவள் போனபோது, தொட்டியின் கீழ்ப்பக்கத்தில் மூன்று கனமான சட்டங்கள் சுவருக்கு முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தன. முந்தின நாள் அவை அங்கே இல்லை. துண்டுகள் காயப்போடுவதற்காக வைத்தது என்று கர்ட் சொல்லி, அவற்றின் மேல் இரண்டு துண்டுகளையும் போட்டு வைத்திருந்தான். டேப் இரண்டேமுக்கால் காட்டியது. அவள் காலண்டரில் எழுதவில்லை. கேக் வைக்க மேசையைத் துடைத்தாள்.

இரண்டு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். கர்ட்டின் குழுவிலிருந்து ஸ்டாஷ் குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் மனைவி பெரிய தட்டு நிறைய ஹலுஷ்கி கொண்டு வந்திருந்தாள். முட்டைக்கோசும் நூடுல்ஸும் வெண்ணெய் சொட்டச் சொட்ட. சாசேஜ் வெந்துகொண்டிருந்தது. பதினோரு பெண் குழந்தைகள் தண்ணீரில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டாஷ் பியர் கேனை விளிம்பின் மேல் வைத்தான். அது மெல்ல நகர்ந்து கீழ்ப்பக்கமாகப் போனது. எடுத்து மறுபடி வைத்தான். மறுபடி போனது.

"டேய் கர்ட், நீ போட்ட ரோட்டுல போனா என் காபிதான் கொட்டும். இங்க பியருமாடா?"

எல்லோரும் சிரித்தார்கள். கர்ட்டும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அந்தக் கேனை எடுத்து மேசைமேல் வைத்தான்.

அப்போது ஹேலி, "சுழல், சுழல்" என்று ஆரம்பித்தாள். அந்தப் பக்கத்துக் குழந்தைகள் எந்தத் தொட்டியில் இறங்கினாலும் கடைசியில் அதைத்தான் விளையாடுவார்கள். எல்லோரும் சுவரை ஒட்டி ஒரே திசையில் வரிசையாக நடக்க வேண்டும். நடக்க நடக்கத் தண்ணீரும் சுற்ற ஆரம்பிக்கும். பிறகு காலைத் தூக்கினால் அதுவே இழுத்துக்கொண்டு போகும். முதல் சுற்றில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது சுற்றில் தண்ணீர் சுவரோடு எழும்பியது. கீழ்ப்பக்கத்தில் விளிம்பைத் தாண்டி ஒரு வாளி அளவு வெளியே விழுந்தது. அடுத்த சுற்றில் இன்னொரு வாளி. ஒவ்வொரு தடவையும் நடு முட்டுச்சட்டம் ஒரு விரற்கடை பின்னுக்குப் போய், மண்ணில் இறங்கி, திரும்பி வராமல் நின்றது. கொலீன் கேக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தையே பார்த்தாள். அதற்குப் பின்னால், வேலிக்கு அப்பால், திரை மூடிய சன்னல். மணி மூன்று. ரெனே ஐந்து மணிக்குத்தான் எழுந்திருப்பாள்.

கத்தியை வைத்தாள். கர்ட்டிடம் போய், அவன் மட்டும் கேட்கிற மாதிரி சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் குழந்தைகளின் சத்தத்தில் உரக்கத்தான் சொல்ல முடிந்தது.

"கர்ட், அன்னிக்கு மட்டம் சரியா இல்ல. குமிழி கோட்டைத் தாண்டி இருந்துச்சு. நான் பொய் சொன்னேன். புள்ளைங்களை வெளியில எடு."

ஸ்டாஷ் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். ஏன், எவ்வளவு என்று கர்ட் கேட்பான் எனக் கொலீன் எதிர்பார்த்தாள். அவன் நேராக ஏணிக்குப் போய், ஹேலியின் கையைப் பிடித்துத் தூக்கி வெளியே விட்டான். ஸ்டாஷ் மறுபக்கம் போய் ஒவ்வொரு குழந்தையாக அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். ஹேலி அழ ஆரம்பித்தாள், தன் பிறந்தநாள் என்று.

கொலீன் அதற்குள் வேலியைத் தாண்டியிருந்தாள். அடித்தள அறையின் வாசல் வீட்டின் அந்தப் பக்கம். சுற்றிப் போக நேரமில்லை. ஈரப் புல்லில் மண்டியிட்டு, தரையோடு இருந்த சன்னலைக் கை விரித்து அடித்தாள். திரை அசையவில்லை. மறுபடி அடித்தாள். தலைக்கு மேலே சட்டம் ஒன்று உரசுகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரை விலகி, தூக்கம் நிறைந்த ரெனேயின் முகம் தெரிந்தது.

"மைக்காவைத் தூக்கிட்டு வெளிய வா. வாசல் வழியா. ரோட்டுக்கு. எதையும் எடுக்காத."

"என்னாச்சு?"

"வான்னா வா, ரெனே."

முகம் மறைந்தது. கொலீன் எழுந்து வீட்டைச் சுற்றி ஓடினாள். வாசலில் கதவு திறந்து, ரெனே செருப்பில்லாமல், தோளில் குழந்தையோடு வந்தாள். கொலீன் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலை வரைக்கும் ஏறினாள். அவர்கள் தபால் பெட்டியருகே நின்ற பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. துணியைக் கிழிக்கிற மாதிரி நீளமாக ஒரு கிழிசல். அதற்குப் பின்னால், சரிவு முழுக்க ஏதோ இறங்கி வருகிற ஓசை. வேலி படுத்தது. சட்டங்களும் நீல உறைத் துண்டுகளும் புல்கரணைகளும் ஒரு நாற்காலியும் அதோடு போயின. சன்னல் கண்ணாடி உடைந்தது என்பதுகூடத் தனியாகக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கீழே திறந்து கிடந்த வாசல் வழியாகப் பழுப்புத் தண்ணீர் வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது. அதில் குழந்தையின் தொட்டில் மெத்தை நனைந்து கனத்து, வாசற்படியில் மாட்டிக்கொண்டு நின்றது.

மேலே குழந்தைகளில் ஒருத்தி எண்ணிக்கொண்டிருந்தாள். ஸ்டாஷ்தான் எண்ணச் சொல்லியிருக்க வேண்டும். பதினொன்று வரை வந்து நிறுத்தினாள்.

கர்ட் சரிவில் இறங்கி வந்தான். பேன்ட் முழங்கால் வரை சேறு. ரெனே அவனைப் பார்க்கவில்லை. வாசற்படியில் மாட்டியிருந்த மெத்தையைப் பார்த்தாள். பிறகு கொலீனைப் பார்த்தாள்.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

இப்போதுதான், இன்றைக்குக் காலையில், என்று சொல்லிவிடலாம். சொன்னால் நம்புகிற முகம்தான் அது. பத்து மாதமாகக் கேக்கும் சூப்பும் வேலிக்கு மேலே கைமாற்றிக்கொண்டவர்கள்.

"ஏழாம் தேதி" என்றாள் கொலீன். "ஞாயித்துக்கிழமை."

"எனக்கும்" என்றான் கர்ட். "இவ சரின்னு சொன்ன விதத்துலயே தெரிஞ்சுது."

கொலீன் அவனைத் திரும்பிப் பார்த்தாள். ரெனே குழந்தையை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, வெறுங்காலோடு, சாலையில் மேடேறி நடக்க ஆரம்பித்தாள்.