பத்தாமல் போன அப்பம்

ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்டு, மிச்சத்தைக் கூடை கூடையாக அள்ளிய கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். அந்த அற்புதத்தைத் தலைகீழாகச் செய்துகாட்டியவன் நான். எங்கள் சூசையப்பர் கோயில், சகாய மாதா கோயில் என்ற இரண்டு பங்குகளும் ஒன்றான பிறகு எங்கள் கோயிலில் நடந்த முதல் கூட்டுப் பூசையில், நற்கருணை வாங்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு அப்பம் பத்தவில்லை.

வாரநாட்களில் நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் சூசையப்பர் கோயிலின் எடுபிடி. கதவைத் திறப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பீடத்துக்குப் பின்னாலிருக்கும் அறையில் சாமியாரின் உடுப்பை எடுத்து வைப்பது, பூசைக்கான அப்பத்தைக் கலத்தில் கொட்டி வைப்பது எல்லாம் என் பொறுப்பு. சம்பளம் கிடையாது. மரியாதை உண்டு என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பத்தை நான் எண்ணுவதில்லை. பூசைக்கு முன்னால் கதவிடுக்கு வழியாகப் பெஞ்சுகளை ஒரு பார்வை பார்ப்பேன், கை தானாக அளவாகக் கொட்டும். அன்றைக்கும் பார்த்தேன். எங்கள் ஆட்கள் அவரவர் பெஞ்சில் அவரவர் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். கொட்டினேன். சகாய மாதா கோயில் ஆட்கள் வாடகை பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார்கள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

வரிசை பாதி தாண்டுவதற்குள் சாமியார் கலத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எந்தப் பவர் கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் அந்தப் பார்வைக்கு ஒரே அர்த்தம்தான். அப்பத்தை இரண்டாக, நான்காக, அப்புறம் நகக்கண் அளவுக்கு ஒடிக்க ஆரம்பித்தார். பீடத்தின் நற்கருணைப் பேழையில் மிச்சம் வைத்திருந்ததும் தீர்ந்தது. வரிசையின் வாலில் நின்றவர்கள் எல்லாரும் பஸ்ஸில் வந்தவர்கள். கடைசியாக வந்தவர்களுக்கு நெற்றியில் சிலுவை மட்டும் கிடைத்தது.

பூசை முடிந்து வாசலில் கும்பிட்டபடி நின்றேன். அவர்கள் பங்கைச் சேர்ந்த ஒரு மீசைக்காரர், ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "பரவாயில்லைங்க, அடுத்த வாரம் வீட்டிலயே சாப்பிட்டுட்டு வந்துடறோம்."

"மன்னிச்சுக்கங்க, மறந்துபோச்சு."

"எதை? எங்களையா?"

கண்ணாடியைக் கழட்டித் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: "மறந்துபோச்சா, மறக்கணும்னு நெனச்சீங்களா?"

"நீயுமா?"

"நான் கேக்கலை. பஸ்ஸே கேக்குது."

பங்குகள் ஒன்றானதற்குக் காரணம், சாமியார்களுக்கு வந்த பஞ்சம். இரண்டு பங்குக்கு ஒருவர்தான் என்று மறைமாவட்டத் தலைவரான ஆயர் முடிவு செய்தார். எங்களுக்கு வந்து சேர்ந்தவர் இளவயது, ஒல்லி. இரண்டு கோயிலுக்கும் நடுவில் ஸ்கூட்டரில் அலைந்து இன்னும் ஒல்லியாகிக்கொண்டிருந்தார். முதல் பிரசங்கத்திலேயே ஒரு ஜோக்கு வைத்திருந்தார்: "சூசையப்பருக்கும் மாதாவுக்கும் ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு. இனிமே ஒண்ணா குடும்பம் நடத்துறதுல நமக்கென்ன கஷ்டம்?" எல்லாரும் சிரித்தோம். என் மனைவி மட்டும் என் காதுக்குள் கேட்டாள்: "யாரு வீட்டுல குடும்பம் நடத்துறதாம்?"

அதுதான் கேள்வி. அன்றிலிருந்து அது எனக்குள் ஊறிக்கொண்டே இருந்தது. இரண்டு கோயில் இருக்கிறது, ஒரு சாமியார் இருக்கிறார். அவர்களுடையது பெரியது, புதியது, வண்டி நிறுத்த இடம் உண்டு. எங்களுடையது சின்னது, மழைக்கு ஒழுகும். என் கடைக்கு நேர் பின்னால் இருக்கிறது. காலையில் கடை திறக்கும் முன் கோயிலைத் திறந்து, கடைசிப் பெஞ்சில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். பெரிய ஜெபம் எதுவும் செய்ததில்லை. "சார், இந்த ஃபிரேம் என் மூஞ்சிக்கு எடுப்பா இருக்குமா?" என்று யாரும் கேட்காத ஒரே இடம் அது. அதை மூடப் போகிறார்களா? இதை யாரிடம் கேட்டாலும் நேரான பதில் வரவில்லை.

சாமியாரிடம் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். மறுவாரம் கேட்டேன். "பார்த்துட்டே இருக்கோம்" என்றார். பங்குப் பேரவைத் தலைவரிடம் கேட்டேன். அவர் என் தோளில் கை போட்டு, "நம்மள மீறி எதுவும் நடக்காது" என்றார். இப்படிச் சொன்னவர்கள் எல்லாரையும் மீறித்தான் என் வாழ்க்கையில் எல்லாமே நடந்திருக்கிறது.

இதற்கு நடுவில்தான் நர்ஸம்மா வந்து சேர்ந்தார். நான் எங்கள் கோயிலில் செய்யும் வேலையை அவர்கள் கோயிலில் செய்பவர். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வெளேரென்ற கைக்குட்டை, சத்தமே வராத செருப்பு. ஆள் வருவது தெரியாது, திரும்பினால் நிற்பார். அப்பம் பத்தாமல் போன மறுநாளே வந்து, "இனிமே நானும் கூட இருக்கேன் தம்பி" என்றார். ஒத்தாசைக்காகச் சொன்னாரா, காவலுக்கா என்று எனக்குப் புரியவில்லை. காவல் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஒருநாள் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்துக் கோயிலுக்குள் நுழைந்தேன். நர்ஸம்மா நாற்காலி மேல் ஏறி நின்று, கையில் அளவு டேப்போடு எங்கள் சூசையப்பர் சுரூபத்தை அளந்துகொண்டிருந்தார். உச்சந்தலையிலிருந்து பாதம் வரை. தையற்காரர் மாப்பிள்ளைக்கு அளவெடுப்பது மாதிரி.

"என்னம்மா, கோட்டு தைக்கப் போறீங்களா?" என்றேன்.

"தூசி தட்ட ஏறினேன்" என்றார். டேப்பால் தூசி தட்டும் பழக்கம் உலகத்தில் எங்கேயும் இல்லை.

சுரூபத்தை அளக்கிறார்கள் என்றால் அடுத்து என்ன? எங்கள் கோயிலில் இருக்கும் ஒரே மதிப்பான பொருள், சாம்பிராணி போடும் வெள்ளித் தூபக்கலசம். அன்று மாலை அதைத் துண்டில் சுற்றி, குடை எடுத்துப் போகிறவன் முகத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பீரோவில் மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் திணித்தேன். கோயில் சொத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருடன் எவனும் தன்னைத் திருடன் என்று சொல்லிக்கொள்வதில்லை.

ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது மாட்டிக்கொண்டேன்.

"ஏங்க, என் புடவையில எல்லாம் பெரிய பூசை வாசனை வருதே, ஏன்?"

"பக்தி அதிகமாயிடுச்சு போல."

அவள் கையை விட்டுத் துழாவினாள். சங்கிலியோடு கலசம் வெளியே வந்தது. அவள் அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, கோயில்லயே கை வெச்சுட்டீங்களா?"

"அவங்க தூக்கிட்டுப் போறதுக்குள்ள..."

"அவங்க தூக்கலை. நீங்கதான் தூக்கியிருக்கீங்க. போய் மரியாதையா பாவசங்கீர்த்தனம் பண்ணுங்க."

அவள் அதைச் சொன்னதும் எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. பாவசங்கீர்த்தனம்! மரக்கூண்டுக்குள் உட்கார்ந்து, ஆண்டவர் பெயரால் அடுத்தவர் பாவங்களுக்குக் காது கொடுக்கும் இடத்தில் ஒரு சாமியார் எப்படி மழுப்ப முடியும்? சனிக்கிழமை சாயங்காலம் முதல் ஆளாகப் போய் கூண்டின் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் முழங்காலில் நின்றேன்.

"சொல்லுங்க" என்றார் உள்ளேயிருந்து.

"சந்தேகப்படுறேன் ஃபாதர்."

"விசுவாசத்துலயா? எல்லாருக்கும் வரும். பயப்படாதீங்க."

"விசுவாசம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க மேலதான் சந்தேகம்."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. "என்ன சந்தேகம்?"

"சூசையப்பர் கோயிலை மூடப் போறாங்களா ஃபாதர்?"

"இது பாவம் சொல்ற இடம். கேள்வி கேக்குற இடமில்ல."

"பாவமும் இருக்கு ஃபாதர். தூபக்கலசத்தை எடுத்துட்டுப் போயி வீட்டுல ஒளிச்சு வெச்சிருக்கேன்."

"அது உங்ககிட்டயா இருக்கு?" சாமியார் தன்னை மறந்து கூவிவிட்டார். வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லாரும் கூண்டைத் திரும்பிப் பார்த்ததை என் முதுகு உணர்ந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார். "நர்ஸம்மா எங்கெல்லாமோ தேடிட்டு இருக்காங்க."

"எங்க கலசத்தை அவங்க எதுக்கு ஃபாதர் தேடணும்?"

கண் பரிசோதனையில் சில பேர் கடைசி வரியைப் படிக்கத் தெரியாமல், தெரிகிற மாதிரி பாவனை செய்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சாமியாரும் அந்த மாதிரிக் கனைத்துக்கொண்டார்.

"செஞ்ச பாவத்துக்கு மனஸ்தாபப்படுறீங்களா?" என்றார் கடைசியில்.

"நீங்க பதில் சொன்னா உடனே படுறேன்."

"பேரம் பேசாதீங்க. எல்லாம் ஆண்டவர் பார்த்துப்பார்."

"அவர் பார்த்துப்பார் ஃபாதர். ஆயர் என்ன சொன்னாருன்னுதான் கேக்குறேன்."

பெருமூச்சு கேட்டது. கலசத்தைத் திருப்பி வைக்க வேண்டும், பத்து அருள்நிறை மந்திரம் சொல்ல வேண்டும் என்று அபராதம் விதித்து மன்னிப்பும் கொடுத்தார். எழுந்திருக்கும்போது மெதுவாகக் கேட்டார்: "உங்க கடை நல்லா ஓடுதுல்ல?"

அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. ஒருவன் கையிலிருந்து எதையோ பிடுங்கப் போகிறவர்கள்தான், அவனிடம் வேறு என்ன மிச்சம் இருக்கிறது என்று விசாரிப்பார்கள். மந்திரத்தை எண்ணிச் சொல்ல முடியவில்லை. பத்து சொன்னேனா, இருபது சொன்னேனா தெரியாது. அதிகம் சொல்லியிருந்தால் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

மறுநாள் ஞாயிறு காலை, கூட்டம் சேருவதற்கு ரொம்ப முன்னாலேயே கலசத்தை அதே துண்டில் சுற்றிக்கொண்டு போனேன். உடுப்பு அறையில் நர்ஸம்மா எனக்கு முன்னால் வந்து, பீடத்துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். துண்டை மேஜையில் வைத்தேன். சங்கிலி தானாக நழுவி வெளியே வந்து கிணுகிணுத்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எங்கே போயிருந்தது, யார் எடுத்தது, ஏன் பட்டுப்புடவை வாசனை அடிக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. "அலமாரியில வெச்சிருங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன்.

"நான்தான் எடுத்துட்டுப் போனேன்" என்றேன்.

"தெரியும்."

"எப்படி?"

"தேடும்போது கவனிச்சேன். அதைப் பத்திப் பேச்சு வந்தாலே நீங்க கண்ணாடியைக் கழட்டித் துடைப்பீங்க."

இவ்வளவு நாள் நான் அவரை உளவு பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் கண்ணாடி வழியாக அவர்தான் என்னைப் பார்த்திருக்கிறார். கொஞ்சம் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் தைரியமும் வந்தது.

"அன்னிக்கு டேப்பை வெச்சு எதுக்கு அளந்தீங்க? தூசின்னு மட்டும் சொல்லாதீங்கம்மா."

அவர் இஸ்திரிப்பெட்டியின் ஸ்விட்சை அணைத்தார். "எங்க கோயில்ல மாதாவுக்குப் பக்கத்துல ஒரு மாடம் காலியா இருக்கு. உங்க சூசையப்பர் அதுல நிப்பாரான்னு பார்த்தேன். நிக்கலை, தலை இடிக்குது. மாடத்தை இடிச்சு உயர்த்திக் கட்டச் சொல்லியிருக்கேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். உங்க முகத்தைப் பார்த்ததும் தூசின்னு வாயில வந்துடுச்சு. தப்புதான்."

கை தானாகக் கண்ணாடிக்குப் போனது. பாதியில் நிறுத்திக் கீழே இறக்கினேன்.

"அப்போ..." என்றேன். வெளியே யாரோ முன்வரிசைப் பெஞ்சை இழுத்துச் சரிசெய்யும் சத்தம் கேட்டது.

"கேளுங்க தம்பி. ஃபாதர்கிட்ட கேட்டீங்க, பேரவைத் தலைவர்கிட்ட கேட்டீங்க. என்கிட்ட ஒரு தடவை கூட நீங்க கேக்கலை."

உண்மைதான். எதிரியிடம் யாராவது வழி கேட்பார்களா?

"ஃபாதர் ஏன் சொல்ல மாட்டேங்குறாரு?"

"பாவம், சின்னப் பையன். நீங்க உடைஞ்சு போயிடுவீங்களோன்னு பயப்படுறாரு. ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான். பெரிய டாக்டர் வருவாரு, நோயாளி தோளைத் தட்டி 'பார்க்கலாம்'னு சொல்லிட்டுப் போயிடுவாரு. அப்புறம் அவங்க எங்க முகத்தைத்தான் பார்ப்பாங்க." ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டார். "உட்காருங்க."

உட்கார்ந்தேன். அவரும் எதிரே துணிப்பெட்டி மேல் உட்கார்ந்தார். முழங்கால்கள் இடிக்கிற அளவு சின்ன அறை.

"எங்க கோயிலை மூடப் போறாங்களாம்மா?"

அவர் என் கண்ணை நேராகப் பார்த்தார். குரல் தாழவும் இல்லை, குழையவும் இல்லை.

"ஆமா தம்பி, மூடப் போறாங்க. அடுத்த மாசக் கடைசி ஞாயிறு இங்க கடைசிப் பூசை. கூரை தாங்காதுன்னு இஞ்சினியர் சொல்லிட்டாரு, அதைச் சரிபண்ற எண்ணம் ஆயருக்கு இல்ல. மறுபடியும் திறப்பாங்களான்னு கேட்டீங்கன்னா, திறக்க மாட்டாங்க."