மகள் ஓட்டி வரும் விமானம்

அன்று சாயங்காலம் மகள் முதல்முறையாகத் துணை விமானியாக இந்த ஊரின் மேல் பறக்கப்போகிறாள். காலையிலிருந்து தையல்காரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நூல் கோக்க உட்காருவாள், எழுந்து போய் வானத்தைப் பார்ப்பாள், மேகம் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு திரும்ப உட்காருவாள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவருக்கு முதுகெலும்பில் புற்றுநோய். மாதக்கணக்காக மார்ஃபின் மாத்திரையில்தான் வலி அடங்கிக் கிடந்தது. இருந்தும் மொட்டைமாடிக்கு ஏறியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

படியேறும்போது வலித்துவிடக் கூடாதே என்று, அவள் தைத்த துணியைக் கொடுக்கப் போன நேரத்தில், ஆட்டோ பிடித்துத் தெருமுனை கிளினிக்கில் ஒரு வலி ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவள் திரும்பியபோது அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மூக்கு ஒழுகியது, கொட்டாவி மேல் கொட்டாவி. அடங்கிக் கிடந்த வலியெல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிட்டது என்று முனகினார். இன்னொரு மார்ஃபின் கொடுக்கலாமா என்று அட்டையை எடுத்தவள், அதைக் கீழே வைத்துவிட்டு வலி மருத்துவரைப் போனில் பிடித்தாள்.

கிளினிக் சீட்டில் இருந்த ஊசியின் பெயரை அவள் படித்ததுமே மருத்துவருக்கு விளங்கிவிட்டது.

"அதுவும் மார்ஃபின் வகையறாதாம்மா. ஆனா ரெண்டும் ஒத்துப்போகாது. இது உள்ள போய் மார்ஃபினை வெளிய தள்ளிட்டு, தான் அரைகுறையா வேலை பாக்கும். மருந்தை திடீர்னு நிறுத்தினா எப்படித் தவிக்குமோ அப்படித் தவிக்குது உடம்பு. நீங்களா எதுவும் குடுக்காதீங்க. நர்ஸை அனுப்பறேன்."

போனை வைத்துவிட்டு, மார்ஃபின் சாப்பிடுவதை ஏன் கிளினிக்கில் சொல்லவில்லை என்று கணவரிடம் கேட்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்தப் பேரைச் சொன்னாலே போதைக்காரனைப் பாக்கற மாதிரி பாக்கறாங்க. எம்பொண்ணு பிளேன் ஓட்டற அன்னிக்கு அது வேணாம்னு நினைச்சேன்."

அவள் ஈரத்துண்டால் அவர் நெற்றியைத் துடைத்தாள். நர்ஸ் வந்து, மூச்சையும் நாடியையும் பார்த்தபடி பக்கத்திலேயே இருந்தாள். மதியம் தாண்டி ஊசியின் வேகம் தணிந்தது. பழைய அளவு மார்ஃபினை மறுபடி தொடங்க மருத்துவர் சம்மதித்தார். தவிப்பு அடங்கியதும், நீ மட்டும் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா என்றார் கணவர்.

"பேசாம நாற்காலியில உக்காருங்க," என்றாள்.

எதிர்வீட்டு அண்ணனும் தம்பியும் அவரை நாற்காலியோடு தூக்கினார்கள். படி திரும்புகிற இடத்தில் நாற்காலி சிக்கிக்கொண்டது. கொஞ்சம் ரிவர்ஸ், இப்போது இடது பக்கம் ஒடி என்று அவரே வழி சொன்னார். தூக்கியவர்களுக்குச் சிரிப்பில் பிடி நழுவப் பார்த்தது.

மாடியில் நல்ல காற்று. சத்தம்தான் முதலில் கேட்டது. எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஆளுக்கொரு திசையில் கை நீட்டினார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வெள்ளியாக ஒன்று மின்னியதும், மகளை ஒருமுறைகூடப் பார்த்திராத நர்ஸ்தான் எம்பி எம்பிக் கையை ஆட்டினாள். தையல்காரம்மா வாயைத் திறந்தபடி நின்றாள். அவர் கழுத்தைப் பின்னால் சாய்த்து, போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை மெல்ல வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.