இடது சக்கரம்

அத்தையின் தம்பி மகள்கள் விடுமுறைக்கு வந்த மூன்றாம் நாள், பரணில் இருந்த பிஸ்கட் டப்பாவுக்குள் அந்தக் கேசட்டைக் கண்டுபிடித்தார்கள். பெரியவள் அதன் ஓட்டைகளில் விரல் விட்டுப் பார்த்தாள். சின்னவள் முகர்ந்து பார்த்தாள். மாமாவுக்கு ஒரே குஷி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் யாரும் எதையும் விளக்கச் சொல்லிக் கேட்டதில்லை. பழைய டேப் ரெக்கார்டரைத் துடைத்து எடுத்துவந்து, கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். சன்னலோரம் தையல் மெஷினில் ஓரம் அடித்துக்கொண்டிருந்த அத்தைக்குத் தூரத்திலிருந்தே கேசட் அடையாளம் தெரிந்தது. தைப்பதைத் தொடர்ந்தாள்.

"இடது சக்கரத்துல இருக்கறது இன்னும் வராத பேச்சு. வலதுல இருக்கறது வந்து முடிஞ்சது," என்றார் மாமா, தொங்கிய நாடாவைப் பென்சிலால் சுற்றியபடி. "இந்த ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கினா நாம பேசறது பதிவாகும். பழசு அழிஞ்சிடும்."

"எல்லாமேவா?"

"நாம எவ்வளவு நேரம் பேசறோமோ அவ்வளவுதான். மிச்சம் அப்படியே இருக்கும்."

கல்யாணமான புதிதில் மாமா கடல் தாண்டி ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். கடிதத்துக்குப் பதிலாக இந்த ஒரே கேசட்டில் பேசி, போகிறவர் வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். ஒரு பக்கம் மாமியாருக்கு, மறுபக்கம் அத்தைக்கு. கல்யாணமான இரண்டாம் வருஷம், மாமியார் கடைக்குப் போன நேரம் பார்த்து, அவள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். ஒழுகும் குழாய், பக்கத்து வீட்டு நாய் என்று எதையெதையோ அளந்துவிட்டு, கேட்க வந்ததைக் கடைசியில்தான் கேட்டாள். அவள் பேச்சின் மேலேயே பேசி மாமா பதில் அனுப்பியிருந்தார். கேன்டீன் சாப்பாடு, புது மேஸ்திரி, தூக்கமின்மை. அவள் கேட்டதற்கு ஒரு வார்த்தை இல்லை. அவர் குரல் நின்றதும் அமுக்கி நிறுத்தியவள் பிறகு அதைப் போடவே இல்லை. அவரிடம் எதையும் கேட்பதையும் அன்றோடு விட்டாள். இருபத்தெட்டு வருஷம் ஆகிறது.

கேசட் பேசியது. "மாமா, இது நீங்களா? மூக்கடைச்ச மாதிரி இருக்கு," என்று பெண்கள் சிரித்தார்கள். கடைசியில் அந்த இளம் குரல், "சரி, உடம்பப் பாத்துக்கோ," என்றது. டக்கென்று ஒரு சத்தம். பிறகு ஒரு பெண் குரல்.

"...ம்மா நல்லவங்கதான், இல்லேங்கல. ஆனா இந்த வீட்டுல எனக்கு மூச்சு முட்டுது. என்னையும் அங்க கூட்டிட்டுப் போங்க. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க, அப்புறம் கேக்க மாட்டேன். பதில் சொல்லாம மட்டும் இருந்துடாதீங்க."

மெஷின் நின்றிருந்தது. நாலு எட்டு வைத்தால் எழுந்துபோய் நிறுத்தியிருக்கலாம். அத்தை உட்கார்ந்தே இருந்தாள். இப்படிக் கெஞ்சுகிற அந்தப் பெண்ணை நினைத்து அவளுக்கே பாவமாக இருந்தது.

"இத நான் கேக்கவே இல்ல," என்றார் மாமா, ரெக்கார்டரைப் பார்த்து. "ரூம்ல ஆறு பேருக்கு ஒரே டேப் ரெக்கார்டர். பாதி கேக்கறதுக்குள்ள என் முறை முடிஞ்சுது. ஊருக்குப் போறவன் காலைல கெளம்பறான். மிச்சத்த அப்புறம் கேக்கலாம்னு அவசரமா பேசிக் குடுத்துட்டேன்."

"என் பக்கத்து மேலயே," என்றாள் அத்தை.

"அம்மா பேசினத அழிக்க மனசு வரல."

"அது சரி," என்றாள்.

கேட்டும் பதில் சொல்லாதவரோடு குடும்பம் நடத்தி அவளுக்குப் பழகிவிட்டது. கேட்காமலேயே இருந்துவிட்டவர் புது ஆள். அவர்மீது கோபப்படுவதா, இத்தனை வருஷக் கோபத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வதா என்று அவளுக்குப் புரியவில்லை.

நாடா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. "முடிஞ்சு போச்சா?" என்றாள் சின்னவள். பெரியவள் குனிந்து பார்த்து, "இடதுல இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றாள்.

அத்தை எழுந்து வந்தாள். ரெக்கார்டரை நிறுத்தி, அவர் முன்னால் தள்ளி வைத்து, இரண்டு பட்டன்களையும் சேர்த்து அமுக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு அங்கேயே, அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

மாமா தொண்டையைச் செருமினார். அதுவும் பதிவானது. சின்னவள் அவர் முழங்காலைத் தட்டி, சத்தம் வராமல், பேசுங்க மாமா என்று வாயசைத்தாள். மிச்சமிருந்த நாடா குறையக் குறைய, இடது சக்கரம் வேகமாகச் சுற்ற ஆரம்பித்திருந்தது.